மருந்து நஞ்சானால் பொறுப்பு யாருடையது?

[வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவிலே சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.]



இம்மேடையில் நான் பலமுறை ஏறியிருக்கிறேன். மொழி பற்றிப் பேசியிருக்கிறேன். காணி பற்றிப் பேசியிருக்கிறேன். இன்று ஒரு குளிசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடுகினும் சற்றே பெரிய மஞ்சட் குளிசை அது. "குளிசையைப் பற்றிப் பேச வைத்தியர் இல்லையா? சட்டத்தரணிக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் கூறப்போவதைக் கேட்டபின் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடாநாட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் கதை இது. பெயரும் ஊரும் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் மூவர்; மூவரும் கடல் கடந்தவர்கள். வீட்டைப் பூட்டித் தாயை ஒரு முதியோர் இல்லத்திற் சேர்த்தார்கள். மாதந்தோறும் பணம் தவறாது வந்தது. குறை சொல்வதற்கில்லை. ஊரில் எஞ்சியிருந்த உறவு, அம்மூதாட்டியின் தம்பியார் ஒருவரே. அவர் வெங்காயமும் புகையிலையும் செய்யும் தோட்டக்காரர்.

மூதாட்டிக்கு மூட்டுவாதம். கிளினிக்கில் மெதோட்ரெக்சேட் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் மூன்று குளிசை. வாரத்தில் ஏனைய ஆறு நாளும் அதைத் தொடலாகாது. இரண்டு மாதத்துக்கென்று 24 குளிசைகள் கையிற் கிடைத்தன. இல்லத்தில் ஒருவர் அந்த மருந்துத் துண்டைப் பார்த்துத் தமது கொப்பியிற் பெயர்த்து எழுதினார். மருந்தின் பெயரைச் சரியாக எழுதினார். குளிசையின் எண்ணிக்கையையும் சரியாக எழுதினார். 'திங்கட்கிழமை மட்டும்' என்பதை எழுதாது விட்டார். மறுநாள் தொடக்கம் நாள்தோறும் மூன்று குளிசை கொடுக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கான மருந்து எட்டாம் நாளிலே தீர்ந்துபோயிற்று. தீர்ந்துபோனதைக் கண்டும், அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாயெல்லாம் புண். விழுங்க இயலவில்லை. பின்பு காய்ச்சல். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது இரத்த அணுக்கள் குன்றிப்போயிருந்தன. ஐந்தாம் நாள் உயிர் பிரிந்தது. "வயது போனவர்தானே" என்றனர் அயலவர். மறுநாளே தகனம் முடிந்தது.

அந்தியேட்டியன்று நானும் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். தம்பியார் என்னைத் திண்ணையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். "தம்பி, மாதம் ஒருக்கால் அடிக்கிற மருந்தை நாள்தோறும் அடிச்சால் பயிர் என்னாகும் எண்டு எனக்குத் தெரியும். அவையளுக்குத் தெரியாமற் போச்சே! இதுக்கு ஒண்டும் செய்ய ஏலாதோ?" என்று கேட்டார். நான் சொன்ன விடை இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. "அண்ணை, துக்க வீட்டில் வழக்குப் பேச வேண்டாம். ஆறுதலாகப் பார்ப்போம்" என்றேன்.

ஆறுதலாகத்தான் பார்த்தோம். முதலாண்டுத் திவசம் வந்தது; பிள்ளைகள் வந்து திரும்பினார்கள்; ஒரு போகமும் மறுபோகமும் கழிந்தன. அவர் என் காரியாலயப் படியேறி வந்தபோது, மரணம் நிகழ்ந்து இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. கையிலே ஒரு வெறும் மருந்துப் பை மட்டும் இருந்தது. மருந்துத் துண்டு இல்லை. இல்லத்துக் கொப்பியின் பிரதி இல்லை. பிரேத பரிசோதனை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கிடும் காலமே இல்லை. அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். துக்க வீட்டில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிராயச்சித்தமாகவே இன்று இங்கு பேசுகிறேன்.

நான்காம் கூறு

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதைச் சிந்தியுங்கள். அரசும் அமைச்சும் நாடும் நட்பும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒருவன், தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, நான்காவதாக, அருகிருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பவன். உழைச்செல்வான் என்று அவனுக்குப் பெயரும் இட்டார். அந்த நான்காம் ஆளை நாம் மறந்துவிட்டோம். வைத்தியரின் பட்டத்தைச் சுவரிற் பார்க்கிறோம். மருந்தின் விலையைப் பற்றுச்சீட்டிற் பார்க்கிறோம். நம் தாயின் வாயில் குளிசையை இடுகின்ற கை யாருடையது, அது கற்ற கையா, களைத்த கையா என்று பார்ப்பதில்லை.

ஓர் இளம்பெண், இரவு முழுவதும், இருபது முதியவர்களுக்குத் துணை. ஒவ்வொருவருக்கும் ஏழு, எட்டு வகைக் குளிசை. ஒருவர் மறதியாளர், தன் பெயரைக் கேட்டால் வேறொருவரின் பெயரைச் சொல்வார். பக்கத்துக் கட்டிலில் அதே பெயருடைய இன்னொருவர். இந்நிலையில் பிழை நேராதிருப்பதே வியப்பு.

இது நம் நாட்டுக் குறை மட்டும் அன்று. இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 முதியவர்களின் மருந்துகளை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக ஒருவர் எட்டு மருந்து உட்கொண்டார். அவர்களுள் பத்துப் பேருக்கு ஏழு பேர் வீதம் ஒரு பிழைக்கேனும் ஆளாகியிருந்தனர். எழுதியதிற் பிழை, கட்டிக் கொடுத்ததிற் பிழை, ஊட்டியதிற் பிழை, பின்பு கண்காணியாது விட்ட பிழை என நால்வகையும் இருந்தன. பெரும்பாலானவை பெருந்தீங்கு விளைக்கக்கூடியவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் சிறு பிழைகள் மலிந்த இடத்திலேதான் ஒருநாள் பெரும்பிழை பிறக்கிறது.

எந்தப் பிழைகள் உயிரைக் கொள்ளும்? இன்சுலின் அளவை எழுதும்போது எண்ணுக்குப் பின்னால் இடுகின்ற ஆங்கில 'யூ' எழுத்து, அவசரத்திற் பூச்சியம் போலத் தோன்றும். 10 என்பது 100 ஆகிவிடும். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்பரின் மருந்துக்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனை வேண்டும். அது தவறினால் உள்ளே குருதி கசியும். மெல்ல மெல்லக் கரைய வேண்டுமென்று செய்த குளிசையை, விழுங்க இயலாதவருக்கென்று இடித்துக் கரைத்துக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே முறையில் உடலிற் சேரும். முதுமையிற் சிறுநீரகம் தளர்கிறது. நாற்பது வயதில் தாங்கிய அளவை எண்பது வயது தாங்காது.

இன்னொன்றும் உண்டு. அதைப் பிழை என்று சொல்ல என் நா கூசுகிறது. இரவில் எழுந்து நடமாடும் முதியவரை, கூவி அழைக்கும் முதியவரை, அமைதியாகக் கிடத்துவதற்கென்றே மயக்கும் மருந்து கொடுப்பது. மறதி நோயுள்ள முதியோருக்கு மனநோய்க்குரிய மருந்துகள் சில மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. நோய்க்கு மருந்து கொடுப்பது வைத்தியம். ஆளணிக் குறைவுக்கு மருந்து கொடுப்பது விலங்கு பூட்டுவது.

சட்டம் என்ன சொல்கிறது?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன்.

முதலாவது, இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது? முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்களின் பதிவு பற்றிப் பேசுகிறது. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமோ, தனியார் வைத்தியசாலைகளையும் நேர்சிங் ஹோம்களையும் தனக்குள் அடக்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறது. பணம் வாங்கும்போது "எங்களிடம் தாதியர் உண்டு, ஊசியும் மருந்தும் நேரத்துக்கு உண்டு" என்பார்கள். தவறு நேர்ந்தபின் "நாங்கள் வைத்தியசாலை அல்ல, தங்குமிடம் மட்டுமே" என்பார்கள். ஆகவே சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு? பதிவுச் சான்று எங்கே? மருந்தைக் கையாளும் பொறுப்பு யாருடையது? விடையை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, நட்டஈட்டு வழக்கு. இந்நாட்டின் பொதுச் சட்டம் உரோம-ஒல்லாந்தச் சட்டம். பிறர் உடலைப் பொறுப்பேற்றவன் அதற்குரிய திறனும் கவனமும் காட்ட வேண்டும். திறமையின்மையும் ஒரு குற்றமே என்பது அதன் பழைய கொள்கை. வேலைக்காரர் தம் வேலையைச் செய்யும்போது இழைக்கும் கவனயீனத்துக்கு, அவரை வேலைக்கு அமர்த்தியவர் பொறுப்பாளி. எனவே, சம்பளம் குறைந்த அந்த இளம்பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நிருவாகம் தப்பிவிட முடியாது. அவ்விதம் ஏற்றுவது நமக்கு அறமும் அன்று.

ஆனால் இரண்டு படிகளை நாம் ஏற வேண்டும். தவறு நேர்ந்தது என்று காட்டுவது முதற்படி. அத்தவறே தீங்கை விளைத்தது என்று காட்டுவது இரண்டாம் படி. பேராசிரியர் பிரியானி சொய்சா சம்பந்தப்பட்ட வழக்கு, நம் நாட்டு மருத்துவக் கவனயீன வழக்குகளுள் மிகவும் பேர்போனது. தன் சிறு மகளை இழந்த தந்தை ஒருவர் வழக்கிட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தபோதிலும் அதுவே மரணத்தை விளைத்தது அல்லது விரைவுபடுத்தியது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, அந்தத் தொகையையும் மறுத்துவிட்டது.

முதியோர் வழக்கில் இந்த இரண்டாம் படி மேலும் செங்குத்தானது. "எண்பது வயது, பல நோய், எப்படியும் போயிருப்பார்" என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாகும். அதற்கு மறுமொழியும் சட்டத்தில் உண்டு. ஏற்கனவே நலிந்தவர் என்பது தவறிழைத்தவனுக்குப் புகலிடம் ஆகாது. உள்ளவரை உள்ள நிலையிலேயே அவன் ஏற்க வேண்டும். ஆனால் அந்த மறுமொழியைச் சொல்ல வைத்தியச் சான்று வேண்டும். சாம்பலிலிருந்து சான்று பிறவாது.

இன்னொரு கொடுமையும் இருந்தது. உழைத்துக் குடும்பத்தைக் காத்த ஒருவர் இறந்தால், அவரை நம்பி வாழ்ந்தோர் இழந்த வருவாய்க்கு நட்டஈடு பெறலாம். உழைக்காத முதியவர் இறந்தால்? பணமாக எண்ணத்தக்க இழப்பு எதுவும் இல்லை. அன்பை இழந்தோம், துணையை இழந்தோம் என்றால் சட்டம் செவிசாய்க்கவில்லை. பேரப்பிள்ளைகளை வளர்த்த பாட்டியின் உயிர் சட்டத்தின் தராசிலே ஒரு சதமும் பெறவில்லை! இந்த அநீதியை நீக்கவே, ஆளொருவரின் மரணத்துக்கு நட்டஈடு பெறுவதற்கான 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வருவாய் இழப்பை மட்டுமன்றி, அன்பும் அரவணைப்பும் இழந்த துயரையும் நெருங்கிய உறவினர் நட்டஈடாகக் கேட்க அது வழிவகுத்தது. முதியோரின் உயிருக்கும் சட்டத்தில் மதிப்புண்டு என்று இன்று துணிந்து சொல்லலாம். இது ஊருக்குள் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது, குற்றவியல். கவனயீனமான செயலால் மரணம் விளைத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். மரணம் நேராது காயம் அல்லது தீங்கு மட்டும் நேர்ந்தால் வேறு பிரிவுகள் உண்டு. ஆனால் இங்கே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். குடியியல் வழக்கிலோ, எது நடந்திருக்கக் கூடுதலாக வாய்ப்புண்டு என்று காட்டினாற் போதும்.

நான்காவது, தொழிலொழுக்கம். வைத்தியரும் மருந்தாளரும் இலங்கை மருத்துவ சபையிற் பதிவுபெற்றவர்கள். அவர்களுடைய நடத்தை பற்றி அச்சபைக்கு முறையிடலாம். பதிவுபெற்ற தனியார் மருத்துவ நிலையமானால், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும், முதியோர் இல்லமானால் முதியோருக்கான தேசிய சபைக்கும் எழுதலாம். இவ்வழிகளில் நட்டஈட்டுத் தீர்ப்புக் கிடைக்காது. ஆனால் அடுத்தவரின் தாய்க்குப் பாதுகாப்புக் கிடைக்கும்.

ஐந்தாவது, இல்லம் அரசினுடையதானால் சில தனிவிதிகள் உண்டு. அரசுக்கு எதிராக நட்டஈட்டு வழக்கிடுமுன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் செல்வதானால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பதிவேடுகளைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைநிற்கும்.

இறுதியாக, ஒரு கையொப்பம் பற்றி எச்சரிக்கை. "என்ன நேர்ந்தாலும் நிருவாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்த தாளிற் கையொப்பம் வாங்குகிறார்கள். அதைக் காட்டி, "நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்கிறார்கள். அஞ்ச வேண்டாம். 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, கவனயீனத்தால் விளைந்த மரணத்துக்கும் உடற்றீங்குக்குமான பொறுப்பை அத்தகைய நிபந்தனை கொண்டு தட்டிக்கழிக்க இயலாது.

ஈராண்டு என்னும் எல்லை

இவ்வளவு கதவுகள் இருந்தும் அந்தத் தோட்டக்காரர் ஏன் வெறுங்கையோடு திரும்பினார்? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், இழப்பு, காயம், சேதம் பற்றிய வழக்குகளுக்கு ஈராண்டு எல்லை விதிக்கிறது. எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்டதென்றால் ஆறாண்டும், வாய்ப்பேச்சிலான ஒப்பந்தமானால் மூன்றாண்டும் உண்டு. ஆனால் உயிரிழப்பின் துயருக்கு அந்த வழிகளை நம்பியிருக்க வேண்டாம். குற்றவியல் வழக்கு அந்த ஈராண்டுக்குள் அடங்குவதில்லை; ஆயினும் உடலும் இல்லை, கொப்பியும் இல்லை என்றபின் பொலிசார் எதைக் கொண்டு வழக்குத் தொடுப்பார்கள்?

ஆகையால் இதை மனத்திற் பதியுங்கள். அந்தியேட்டி முடிந்த கையோடு சட்டத்தரணியைக் காணுங்கள். துக்கத்துக்கு எல்லை இல்லை. வழக்குக்கு எல்லை உண்டு. பண வசதி இல்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடலாம்.

அன்றே செய்ய வேண்டியவை

மருந்திற் பிழை நேர்ந்தது என்ற ஐயம் எழுந்தவுடன் என்ன செய்வது?

முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். வழக்கு அதற்குப் பின். உட்கொண்ட மருந்துகள் யாவற்றையும், பையோடும் போத்தலோடும், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். "என்ன கொடுத்தார்கள் என்று தெரியாது; இவை அங்கே இருந்தவை" என்று வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது நோயாளியின் குறிப்பேட்டில் ஏறும். அக்குறிப்பே நாளை சாட்சியாகும். இரத்தம் சோதித்த முடிவுகளின் பிரதிகளைக் கேளுங்கள்.

எஞ்சிய குளிசைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை பொய் சொல்லாது. என்று வாங்கியது, எத்தனை வாங்கியது, எத்தனை எஞ்சியது என்ற மூன்றையும் எழுதினால், நாளொன்றுக்கு எத்தனை கொடுத்தார்கள் என்பது தானே வெளிவரும். எட்டு நாளில் 24 குளிசை என்ற ஒரு கணக்கை அன்றே ஒருவர் எழுதி, இல்லத்தாரின் கையொப்பத்தையும் வாங்கியிருந்தால், என் காரியாலயத்துக்கு வந்த வழக்கு வேறு வழக்காக இருந்திருக்கும்.

இல்லத்து மருந்துக் கொப்பியின் பிரதியை எழுத்திற் கேளுங்கள். கைப்பேசியிற் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். மறுத்தால், மறுத்த நாளையும் மறுத்தவரையும் குறித்து, பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

மரணம் நேர்ந்துவிட்டால், தகனத்துக்கு அவசரப்படாதீர்கள். இதைச் சொல்வது எனக்குக் கடினம். கேட்பது உங்களுக்கு அதனினும் கடினம். நம் வழக்கப்படி உடலை நெடுநேரம் வைத்திருப்பதை விரும்போம். பெற்றவரின் உடலை அறுப்பதா என்று மனம் பதறும். ஆயினும் மரணத்தின் காரணத்தில் ஐயமிருந்தால், பொலிசாருக்கோ திடீர் மரண விசாரணை அதிகாரிக்கோ உடனே அறிவியுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையே, நான் முன்னர் சொன்ன இரண்டாம் படியை ஏறுவதற்கு ஊன்றுகோல். ஒருநாள் தாமதிப்பதால் ஆன்மாவின் பயணம் தடைப்படாது. அந்த ஒருநாளை விட்டுக்கொடுத்தால் நீதியின் பயணம் தடைப்பட்டுவிடும்.

வருமுன் காத்தல்

வழக்கை வெல்வதிலும் வழக்கு வேண்டாத நிலையே சிறந்தது. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு பராமரிப்பு இல்லங்களுக்கென ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்நாட்டு மத்திய விதிகளின்படி, ஓர் இல்லத்தின் மருந்துப் பிழைகள் நூற்றுக்கு ஐந்தை எட்டலாகாது. பெருந்தீங்கான பிழை ஒன்றேனும் நேரலாகாது. மருந்தாளர் ஒருவர் மாதம் ஒருமுறையேனும் ஒவ்வொரு முதியவரின் மருந்துகளையும் மீள ஆராய வேண்டும். அங்கும் பிழைகள் நிகழ்கின்றன, வழக்குகளும் நடக்கின்றன. ஆனால் அளந்து பார்க்க ஒரு கோல் இருக்கிறது. நம்மிடம் அந்தக் கோலையாவது கேட்கும் குரல் எழ வேண்டாமா? 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இத்தீவின் மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் புலம்பெயர்ந்த நம் ஊர்களில் பூட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். அவ்வீடுகளின் தாய்மார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மூன்று கோரிக்கைகளை இம்மேடையிலிருந்து முன்வைக்கிறேன். ஒவ்வொரு முதியவருக்கும் தனி மருந்து அட்டை வேண்டும். அதில் மருந்தின் பெயர், எதற்காக, எந்த நாள், எந்த நேரம், எத்தனை என்பனவும், கொடுத்தவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். அதன் பிரதி குடும்பத்துக்கு மாதந்தோறும் வர வேண்டும். மருந்தாளர் ஒருவர் மாதம் ஒருமுறை இல்லத்துக்கு வந்து அதனைச் சரிபார்க்க வேண்டும். பிழை நேர்ந்தால், அன்றே குடும்பத்துக்கு அறிவிப்பது இல்லத்தின் கடமையாக எழுதப்பட வேண்டும்.

நான்காவது ஒன்றையும் சேர்க்கிறேன். அந்த அட்டை தமிழில் இருக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். ஆயினும் மருந்துத் துண்டுகளிற் பலவற்றில், வைத்தியரும் மருந்தாளரும் மட்டுமே அறிந்த ஆங்கில, இலத்தீன் குறுக்கெழுத்துகளே இருக்கின்றன. அதை வாசிப்பவளோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளை. 'திங்கட்கிழமை மட்டும்' என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் அந்தப் பையின்மேல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையின் கையும் பழியிலிருந்து தப்பியிருக்கும்; அந்த மூதாட்டியும் தப்பியிருப்பார். மொழியுரிமை மேடைக்கு மட்டும் உரியதன்று. மருந்துப் பைக்கும் உரியது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தாய் தந்தையரை இல்லத்திற் சேர்ப்பது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். காலம் அவ்விதம் நம்மைச் சிதறடித்திருக்கிறது. நல்ல இல்லங்களும் உண்டு. தன் தாயைப் போலப் பிறர் தாயைத் தாங்கும் பெண்களும் உண்டு. ஆனால் பெற்றவர் தம் காணியை உறுதி முடித்து எழுதித்தரும்போது எல்லை பார்க்கிறோம், பரப்பு பார்க்கிறோம், நொத்தாரிசின் கையொப்பம் பார்க்கிறோம். அவர்களையே பிறரிடம் ஒப்படைக்கும்போது ஒரு தாளும் பாராது ஒப்படைக்கிறோம். காணிக்குக் காட்டும் கவனத்திற் பாதியைப் பெற்றவருக்குக் காட்டக்கூடாதா?

அந்தத் தோட்டக்காரர் சென்ற மாதம் மீண்டும் என்னிடம் வந்தார். அவருடைய தமையனார் இப்போது வேறோர் இல்லத்தில் இருக்கிறார். மடியிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கோடு கீறி, மருந்தின் பெயர், கிழமை, நேரம், எண்ணிக்கை எல்லாம் தம் கைப்படத் தமிழில் எழுதியிருந்தார். ஞாயிறுதோறும் இல்லத்துக்குச் சென்று குளிசைகளை எண்ணிப் பார்த்து, இல்லத்தாரிடம் ஒப்பம் வாங்கி வருகிறார். "உரத்துக்கும் மருந்துக்கும் கணக்கு வைக்கிறனான், தம்பி. இதுக்கு வைக்காமல் விட்டது என்ரை பிழை" என்றார்.

பிழை அவருடையது அன்று, பெரியோர்களே. சட்டம் கற்றும் வாய் மூடியிருந்தவனின் பிழை அது. இன்று சொல்லிவிட்டேன். இனி, வீட்டுக்கு வீடு அப்படி ஒரு கொப்பி இருக்கட்டும். கேட்பதற்கு ஒரு நா இருக்கட்டும். ஈராண்டு என்ற எண் நினைவில் இருக்கட்டும்.